பழைய முகவரிகளை அணைக்கும் நாள்

“இன்னைக்கு வேணாம், முதலாளி. நாளைத் தள்ளி வைங்க.”

ரூ-பிங் இதைச் சொன்னதும், பக்கத்தில் நின்ற மூத்த ஊழியர் டெங் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அவள் வேலையில் சேர்ந்த அன்றே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: சம்பளம் கேள், சண்டை போடு, முதலாளி பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நாளை மட்டும் மாற்றச் சொல்லாதே.

தைவானின் தைச்சுங் நகரில் தகடு வளைக்கும் இயந்திரங்கள் செய்கிற கம்பெனி அது. அவற்றுக்கான கையேட்டுப் பக்கங்களை எழுதுபவள் ரூ-பிங். இன்று புது இணையதளம் திறக்கிறார்கள். கையோடு பழைய சர்வரை அணைத்துவிடுவார்கள். சர்வர் அறை வாசலில் மேசை போட்டு அன்னாசி, ஊதுபத்தி, பச்சைப் பொட்டலத்தில் சோளப்பொரி எல்லாம் வைத்தாகிவிட்டது.

“பட்டம் வாங்கினதும் பஞ்சாங்கத்தையே திருத்த வந்துட்டாங்கப்பா அம்மணி!” முதலாளி ஜுவாங் சிரித்தார்.

“நாம வித்த ஒவ்வொரு மெஷின்லயும் பழைய இணைய முகவரியைத்தான் க்யூஆர் கட்டமாப் பொறிச்சிருக்கோம். போனைக் காட்டினா பக்கம் திறக்கும். சர்வரை அணைச்சா ஒண்ணும் திறக்காது.”

“புதுத் தளத்துல தேடிக்கட்டும்.”

“யாரு, எங்கப்பாவா? ஃபெங்யுவான் பட்டறையில நம்ம மெஷின்லதான் நிக்கிறாரு. சிவப்பு விளக்கு எரியும்போது எண்ணெய்க் கையோட எதைத் தேடுவாரு? அழுத்தம் இறங்குற வரைக்கும் மூடியைத் திறக்காதேன்னு அந்தப் பக்கத்துலதான் எழுதியிருக்கேன். பக்கம் வரலைன்னா கையை விட்டுப் பாப்பாரு. விரல் போகும். ஒவ்வொரு பழைய முகவரியையும் புதுசுக்குத் திருப்பி விடுறேன், ஒரு வாரம் குடுங்க.”

“அடுத்த நல்ல நாள் அடுத்த மாசம்தான். வாயை மூடிட்டு ஊதுபத்தியைப் பிடி.”

பிடித்தாள்.

பூசை முடிந்ததும் பச்சைப் பொட்டலம் புது சர்வர் மேல் ஏறும். அது மேலே இருந்தால் சர்வர் சமர்த்தாக ஓடும் என்பது அங்கே எல்லோருடைய நம்பிக்கை. காலாவதித் தேதி வரை யாரும் அதைத் தொடக்கூடாது, அது உட்கார்ந்திருக்கும் சர்வரை அணைக்கவும் கூடாது. போன வருஷம் தூசி தட்டிய யாரோ அதை நகர்த்த, மத்தியானமே எல்லாம் படுத்துவிட்டது. முதலாளியே சர்வர் முன்னால் குனிந்து மன்னிப்புக் கேட்டார். பழைய சர்வரின் பொட்டலம் நேற்றோடு காலாவதி. இன்றைய நாளைக் குறித்ததே அதனால்தான்.

“சின்னவளே, நீ கொண்டுபோய் வை,” என்றார் முதலாளி.

ரூ-பிங் உள்ளே போனாள். புது சர்வரைத் தாண்டிப் போய், பழையதன் தலையில் வைத்தாள்.

“ஏய், அது பழசுடீ!” டெங் அண்ணன் அலறினார்.

“தெரியும்.”

முதலாளியின் கை பொட்டலத்தை நோக்கி நீண்டு, பாதியில் நின்றது. “நீயே எடு.”

“மார்ச் வரைக்கும் தேதி இருக்கு. வேணும்னா நீங்க எடுங்க.”

அவர் டெங் அண்ணனைப் பார்த்தார். டெங் அண்ணன் கூரையைப் பார்த்தார்.

“உன்னை வேலையை விட்டே தூக்கிடுவேன்!”

அடையாள அட்டையைக் காலையிலேயே கழுத்திலிருந்து கழற்றிப் பைக்குள் போட்டிருந்தாள். அதை எடுத்து அன்னாசிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.