மரத்துக்குப் பக்கத்தில்

ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் இன்னொரு ஃபோல்டரைத் திறந்தார். மறுபடியும் மரம்தான். பாறையை விழுங்கிக்கொண்டு நின்ற மரம், கடற்காற்றில் தரையோடு படுத்துவிட்ட மரம், தொந்தி போட்டவர்போல் அடி பெருத்த மரம். வருஷக்கணக்காக நாடு நாடாய் அலைந்து எடுத்தவை. எடுத்தவர் கூடத்தில் கிடந்தார், தலைமாட்டில் வைக்க ஒரு படம் இல்லாமல்.

பாஸ்போர்ட் படத்தை அவர் மனைவி வேண்டாம் என்றுவிட்டாள். அதில் இருந்தது போலீஸில் பிடிபட்டவன் முகம். கல்யாணப் படத்து மீசைக்காரனை வருகிறவர்கள் யாருக்கும் அடையாளம் தெரியாது. கண்ட மரத்தையெல்லாம் எடுத்தவன் கட்டினவளை விட்டாவது தன்னை ஒரு படம் எடுத்துக்கொள்ளவில்லையே என்று நாத்தனார் வாசலில் யாரிடமோ முறையிட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் கூப்பிடாமல் இல்லை. "நீ வந்து பட்டனை அமுக்கினாப் போதும்" என்று ஒவ்வொரு பயணத்துக்கும் கேட்பார். வாசலில் நிற்கிற மரம் என்ன பாவம் செய்தது, அதை எடுங்களேன் என்று அவள் சிரித்தே அனுப்பிவிடுவாள். அப்புறம் அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

கடைசி ஃபோல்டரில் அவர் இருந்தார், முதுகு மட்டும். கேமரா தானாக எடுக்கும்படி வைத்துவிட்டு மரத்தைப் பார்த்து ஓடுகிற முதுகு. அடுத்த படத்தில் வேறு மரம், அதே ஓட்டம். எதிலும் போய்ச் சேரவில்லை. மரம் முழுசாய்ப் படத்தில் விழ வேண்டுமானால் கேமராவை ரொம்பத் தள்ளி வைக்க வேண்டும், அதற்குள் ஓடி நிற்க முடியாது என்றார் ஸ்டுடியோக்காரர். அவள் அந்த முதுகுகளை முதலிலிருந்து மறுபடி காட்டச் சொன்னாள். கூப்பிட ஆளில்லாமல் இந்த மனுஷன் எத்தனை ஊரில் இப்படி ஓடியிருக்கிறார்.

ஒன்றே ஒன்றில் சேர்ந்துவிட்டார். மரத்தில் சாய்ந்துகொண்டு, மூச்சிரைக்க, சிரித்தபடி. ஆள் சுண்டுவிரல் நகம் அளவுதான்.

"மரத்தை எடுத்துட்டு முகத்தை மட்டும் பெருசாக்கவாம்மா?"

பெரிதாக்கிக் காட்டினார். முகம் புள்ளி புள்ளியாய்க் கலைந்துபோனது.

"வேண்டாம்ப்பா. அப்படியே போட்டுக் குடுங்க."

வந்தவர்கள் படத்தின் முன் குனிந்து தேடினார்கள். எங்கே இருக்கிறார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் எழுந்து வந்து விரலை வைத்துக் காட்டினாள்.

"இதோ, இங்க."

அவரை எடுத்துப் போனார்கள். எல்லாரும் கலைந்த பிறகு அவள் படத்தைப் பார்த்தாள். விரல் பட்டுப் பட்டுக் கண்ணாடியில் அந்த இடம் மங்கியிருந்தது. முந்தானையால் துடைத்தாள். மரம் பளிச்சென்று தெரிந்தது. அவர் எங்கே என்று அவளே ஒருமுறை தேட வேண்டியிருந்தது.