ஒரே நெகட்டிவ், இரண்டு தட்டு

லோஜினி டீச்சருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். ராகலைக் கடைவீதியில் மதுசூதனனின் ஸ்டூடியோவுக்குள் நுழைந்து அவள் கேட்டது, கூட வந்த கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாவுக்கே சரியாகக் காதில் விழவில்லை.

“யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க அண்ணே?”

மதுசூதனன் இரண்டு படங்களை மேசையில் போட்டான். இரண்டிலும் இருந்தது பேச்சியம்மாதான். ஒன்றில் முடி கருகருவென்று இருந்தது, தோட்டுக்கல் பளிச்சென்று தெரிந்தது. மற்றது சாம்பல் கரைத்த தண்ணீராக வெளிறிக் கிடந்தது.

“நீங்களே பாருங்க டீச்சர். இது வெளிநாட்டுப் பொட்டல டெவலப்பர்ல கழுவுனது. இது உங்க கஷாயத்துல கழுவுனது. தோட்டச் சங்கத்துப் பசங்ககிட்டயும் காட்டிட்டேன். பொட்டலத்துலதான் போடணும்னு சொல்லிட்டாங்க.”

இருந்த ஒரே பொட்டலத்தில் அறுபது படம்தான் வரும். அடுத்த பொட்டலம் கொழும்பிலேயே இல்லை. லோஜினியோ தொழிலாளர் லயத்திலும் ஸ்டாஃப் குவாட்டர்ஸிலுமாக நூற்றெண்பது பெண்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். பொங்கலுக்கு முன்னால் ஆளுக்கொரு படம் கையில் இருக்கும் என்று காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் நின்று சொன்னவள் அவள்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் யாரோ புண்ணியவான்கள் கம்ப்யூட்டரில் அச்சடித்துக் கொடுத்த படங்கள், லயத்துக் கூரை ஒழுகி, மை கரைந்து, சுவரோடு வழிந்துபோயின. அதனால்தான் தண்ணீரில் கரையாத இந்தப் பழைய கறுப்பு வெள்ளை முறை. கூடை வேண்டாம், உங்களுக்குப் பிடித்த சேலையில் வாருங்கள் என்று அழைத்திருந்தாள். கூடையோடு எடுக்கத்தான் பஸ் பஸ்ஸாக உல்லாசப் பயணிகள் வருகிறார்களே.

“அந்த அறுபது பேரு யாருங்க மொதலாளி?” என்று கேட்டாள் பேச்சியம்மா.

“அதைத் தோட்டத்துல பேசிக்குவாங்கம்மா.”

லோஜினி அதற்கு மேல் நிற்கவில்லை. நேராக இருட்டறைக்குள் போனாள். கஷாயமாம்! பள்ளிக்கூட ஆய்வுகூடத் தராசில் அவளே நிறுத்துக் கலந்தது அது. மெட்டோல், ஹைட்ரோகுயினோன், சல்பைட்டு, சலவைச் சோடா, ஒரு சிட்டிகை புரோமைடு. பொட்டலத்துக்குள்ளும் ஏறக்குறைய இதே சரக்குதான். மினுமினுக்கும் பையில் வந்தால் அதற்கு ஒரு மரியாதை.

அவள் அதை ஊற்றிக் கொடுத்த கேன் பின்கதவோரம் வெறும் சிமெந்துத் தரையில் கிடந்தது. கதவிடுக்கு வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தாள். பதினொரு டிகிரி. அந்தக் குளிரில் ஹைட்ரோகுயினோன் அசையாது. அது அசையாவிட்டால் கறுப்பு வராது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

“பொட்டலத்தைக் கரைச்ச போத்தல் எங்கண்ணே?”

“அடுப்படியில. குளிர்ல கெட்டுடக் கூடாதேன்னு துண்டு சுத்தி வச்சிருக்கேன்.”

“அதை ஊத்துன தட்டு?”

“சுடுதண்ணிப் பேசினுக்குள்ள.”

“அப்ப என்னோடது?”

“அது வீட்ல கலந்ததுதானே டீச்சர். அதுக்கென்ன?”

அவன் வேண்டுமென்றே ஏமாற்றியிருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாள். ஏமாற்றவில்லை. நம்முடையதுதானே, தரையில் கிடக்கட்டும் என்று அவனுக்கு இயல்பாகவே தோன்றியிருக்கிறது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. குளிரில் போட்டு வைத்துவிட்டு, இதற்குச் சக்தியில்லை என்று ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கிறான்.

“எங்களுக்கும் இதே கததாங்க டீச்சர்,” என்றாள் பேச்சியம்மா. “கொழுந்தே இல்லாத காஞ்ச மலையில கொண்டுபோய் நிறுத்திப்புட்டு, நிறை பத்தலன்னு அரைப்பேரு போட்டுப் பாதிச் சம்பளந்தான் தருவாங்க.”

லோஜினி மதுசூதனனையே தண்ணீர் காய வைக்கச் சொன்னாள். இரண்டு தட்டும் இருபது டிகிரிக்கு வந்த பிறகு கதவைச் சாத்தி, சிவப்பு விளக்கைப் போட்டு, அதே நெகட்டிவில் தட்டுக்கு ஒன்றாக இரண்டு தாள் போட்டார்கள். ஒன்றரை நிமிடத்தில் இரண்டிலும் பேச்சியம்மா வந்துவிட்டாள்.

வெளிச்சத்தில் ஈரத்தோடு வைத்துப் பார்த்தபோது மதுசூதனனுக்கு அடையாளம் தெரியவில்லை. படத்தைத் திருப்பி, பின்னால் பென்சிலில் எழுதியதைப் படித்துத்தான் எது எதுவென்று சொன்னான்.

“ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர். நான் பண்ணது தப்புதான்.”

லோஜினிக்குக் கோபம் கொஞ்சம் தணிந்தது. நூற்றெண்பது பேருக்கும் படம் உண்டு. அதோடு விட்டிருக்கலாம் அந்த மனிதன்.

“அப்ப இப்படிச் செய்வோம்,” என்றான் அவன், நல்ல யோசனை சொல்கிற முகத்தோடு. “ஸ்டாஃப் குடும்பங்களுக்குப் பொட்டலத்துல போடுவோம். லயத்து ஆளுகளுக்கு உங்கதுல போட்டுடலாம்.”

பேச்சியம்மா தன் படங்கள் இரண்டையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

லோஜினி இருட்டறைக்குள் திரும்பிப் போய்ப் பெரிய தொட்டியை இழுத்து வைத்தாள். தன் தட்டை அதில் கவிழ்த்தாள். அவன் தட்டையும் கவிழ்த்தாள். அடுப்படிக்குப் போய்த் துண்டை உருவிப் போட்டுவிட்டுப் போத்தலைத் தூக்கிவந்து கடைசிச் சொட்டுவரை ஊற்றினாள். கேனையும் ஊற்றினாள்.

“ஐயோ டீச்சர்! என்ன பண்றீங்க?”

“ஒண்ணும் கெட்டுப்போகாது. ரெண்டும் ஒண்ணுதான்னு இப்பத்தானே சொன்னீங்க?” கண்ணாடிக் கோலால் தொட்டியை நன்றாகக் கலக்கினாள். “எங்க, இப்ப பிரிச்சுக் குடுங்க பார்ப்போம். எது ஸ்டாஃபுக்கு, எது லயத்துக்கு?”

பேச்சியம்மா போய் இருட்டறைக் கதவைச் சாத்தி, சிவப்பு விளக்கைப் போட்டாள்.