உப்பு ஜாடிக்குள் ஒரு நீல ஊர்

டமால்!

கூடத்தில் ஏதோ விழுந்த சத்தத்தில் அந்தச் சின்ன குவார்ட்டர்ஸ் வீடே அதிர்ந்தது. நாகம்மா சத்தம் வந்த பக்கம் போகவில்லை. சமையலறைக்குள் ஓடி, மேடை மூலையில் இருந்த உப்பு ஜாடியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லம்மா, பரண்ல இருந்த டிரங்குப் பெட்டி!" என்று கத்தினான் மகன் அஸ்வின். "என் காலு இருக்கா போச்சான்னு யாராச்சும் கேட்டீங்களா? ஜாடியப் பாக்க ஓடுறாங்கப்பா!"

அவள் கணவர் கலியமூர்த்தி ஆவடி தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இனி நூம்பலில் அஸ்வின் வாங்கியிருக்கும் ஃபிளாட்டில்தான் எல்லோருக்கும் வாசம். அங்கே சமையலறை முழுக்க அலமாரி, கதவு, கண்ணாடி. பூசணிக்காய் மாதிரி வயிறு தள்ளிய ஜாடிக்கு இடம் ஏது? அஸ்வின் ஜாடியைப் போட்டோ எடுத்து எங்கேயோ அனுப்ப, அது சீனத்துப் பீங்கானாக இருக்கலாம், நேரில் பார்க்க வருகிறோம் என்று பதில் வந்துவிட்டது.

"நல்ல விலை போகும்னு அவங்க சொன்னா வித்துரலாம். இல்லன்னா உன் கூடவே வரட்டும். டீலாம்மா?" என்றான் அஸ்வின், போன வாரம் சாப்பிடும்போது.

நாகம்மா கணவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மவன் வீட்டுக்குப் போறோம். போறதுக்கு முன்னாடியே மல்லுக்கு நிக்காத" என்றார். அன்றிலிருந்து அவர் காபியில் சர்க்கரை குறைந்துபோனது.

ஜாடியின் வயிற்றைச் சுற்றி ஒரு நீல ஊர் இருந்தது. மலை, மலையடியில் ஆறு, ஆற்றில் ஒரு படகு, அக்கரையில் கூரை வளைந்த ஒரு வீடு. நாகப்பட்டினத்தில் அம்மா கொடுத்த சீர் அது. கல்யாணமாகி ஆவடிக்கு வந்த நாள் முதல், உலை கொதிக்கிற நேரமெல்லாம் நாகம்மா அந்த ஊரில்தான் இருப்பாள். அங்கே சாயங்காலம் முடிவதே இல்லை. ஆற்றில் கால் வைத்தால் சில்லென்று ஏறும். படகுக்காரன் பேர் கேட்கமாட்டான், ஊர் கேட்கமாட்டான், ஏற்றிக்கொள்வான். குக்கர் விசிலடித்தால் திரும்பி வந்துவிடுவாள். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் டாக்டரிடம் கூட்டிப் போய்விடுவார்கள்.

பெட்டி விழுந்த தூசி அடங்குவதற்குள் அழைப்பு மணி அடித்தது. பூந்தமல்லியிலிருந்து ஸ்கூட்டியில் வந்திருந்தாள் ஷர்மிளா. பழம்பொருள்களை ஏலம் விடும் ஒரு நிறுவனத்தில் மதிப்பிடுகிற வேலை அவளுக்கு. தண்ணீர் வாங்கிக் குடித்தாள். ஜன்னலோரம் ஜாடியை வைக்கச் சொன்னாள். சின்ன லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டாள்.

"அச்சுல ஒட்டின படமா இருந்தா நீலம் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கும்மா. இது தூரிகை. கோட்டு மேல கோடு போன இடத்துல நீலம் தேங்கி நிக்குது, பாருங்க."

நாகம்மா லென்ஸில் கண்ணை வைத்தாள். படகு அவளை நோக்கி வந்தது. இத்தனை நாள் வெறும் கோடாக இருந்த தண்ணீர் அடுக்கடுக்காகப் பிரிந்து நகர்ந்தது. யாரோ ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்த தூரிகையின் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. எங்கிருந்தோ ஈரக் காற்று வந்து நெற்றியில் பட்டது.

"அம்மா... அம்மோய்! லென்ஸக் குடு, அவங்க வேலையப் பாக்கட்டும்" என்றான் அஸ்வின்.

"அடியப் பாக்கணும்" என்றாள் ஷர்மிளா. "மெருகு பூசாத வளையம் அங்கதான் இருக்கும். அத வெச்சுத்தான் வயசு சொல்ல முடியும்."

நாகம்மா பதறிப்போனாள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா உப்பு ஜாடியக் கவுக்கறதா? இங்க வந்ததுலேர்ந்து அதைக் காலி பண்ணினதே இல்ல. குறையக் குறையக் கொட்டிக்கிட்டே வந்திருக்கேன். லட்சுமிம்மா அது!"

"டப்பாவுல மாத்தி வெச்சுட்டுக் கவுக்கட்டுமே. ஒண்ணும் ஆவாது" என்றார் கலியமூர்த்தி.

நாகம்மாவுக்குச் சுருக்கென்றது. மகன் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். எவர்சில்வர் டப்பாவை எடுத்து வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் உப்பை மாற்றினாள்.

ஷர்மிளா ஜாடியை விரலால் சுண்டினாள். ணங் என்று நீளமாக ஒலித்தது. மடியில் துணி விரித்து மெல்லக் கவிழ்த்தாள். அடி வளையத்தைத் தடவிப் பார்த்து, "அசல்தான். சீனாவுலேர்ந்து கப்பல்ல வந்தது. நூறு வருஷத்துக்கு மேல இருக்கும்" என்றாள்.

"சொன்னேன்ல!" அஸ்வின் கையைத் தட்டினான்.

படகு கரையைவிட்டுப் போவது போலிருந்தது நாகம்மாவுக்கு. பிடித்து நிறுத்தக் கயிறில்லை.

"இது என்ன?" ஷர்மிளாவின் குரல் மாறியது.

அடிப்பகுதியில் புள்ளி புள்ளியாகக் குத்தி, கொட்டை எழுத்தில் 'நாகம்மா' என்று வெட்டியிருந்தது. பாத்திரக் கடையில் குடத்துக்கும் குத்துவிளக்குக்கும் வெட்டிக் கொடுப்பார்களே, அதேபோல.

"அடக் கடவுளே! யாருப்பா இதுல போய் பேர் வெட்டினது? இன்னா இது, எவர்சில்வர் தூக்கா?" என்றான் அஸ்வின்.

கலியமூர்த்தி மின்விசிறியைப் பார்த்தார். "சீர் சாமான்னா பேர் வெட்டாம இருப்பாங்களாடா?"

ஷர்மிளா எழுத்துகளை விரலால் தடவினாள். விரல் நுனியில் வெள்ளையாகத் தூள் ஒட்டியது. உப்பு என்று நினைத்தாள் நாகம்மா. ஷர்மிளா அந்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்; பிறகு கலியமூர்த்தியைப் பார்த்தாள்; துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

"சாரி சார்" என்றாள் அஸ்வினிடம். "இப்படிக் குத்தி வெட்டினத எங்க ஏலத்துல எடுக்க மாட்டாங்க. வெளிய குடுத்தாலும் அடிமாட்டு விலைதான் கேப்பாங்க. வீட்டுலயே வெச்சுக்குங்க."

அஸ்வின் தலையில் கையை வைத்தான். "போச்சுடா! சரிம்மா, டீல்னா டீல்தான். புது வீட்டுல அதுக்கு ஒரு இடம் பாத்துத் தரேன்" என்று சொல்லிவிட்டு, ஷர்மிளாவை வழியனுப்பக் கீழே இறங்கினான்.

நாகம்மா உப்பைக் கைகொள்ளாமல் அள்ளி ஜாடியில் போட்டாள். அம்மா சீர் கொடுத்த நாளில் ஜாடியைக் கழுவித் துடைத்தவளே அவள்தான். அப்போது அடியில் எந்தப் பேரும் இல்லை.

மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

"நேத்து நீ திருவேற்காடு கோயிலுக்குப் போயிருந்தல்ல, அப்பதான்" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "கடைசி எழுத்து மட்டும் கொஞ்சம் கோணிக்கிச்சு, கோவிச்சுக்காத."