பச்சைக் காரின் இடதுபக்கச் சீட்டு

ஏலத்துக்கு வந்த கார்களை யாரும் ஓட்டமாட்டார்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில் பாதையை ஒட்டிய பழைய கிடங்கில் அவை துணி போர்த்தி நிற்கும். முறை வரும்போது நாங்கள் மேடைக்குத் தள்ளிக்கொண்டு போவோம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடிக்க வேண்டும், மற்றவர்கள் பின்னால் தள்ள வேண்டும். மூட்டை தூக்கித் தூக்கி என் முதுகு போய்விட்டதால் உட்காரும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள்.

"அண்ணே, சீட்டுல உக்காந்தா அசல் பணக்காரன் மாதிரியே இருக்கீங்க லா. அந்தச் சட்டைதான் காட்டிக் கொடுக்குது" என்பான் கூட வேலை செய்த வாசு.

எண்பத்தொன்பதாம் வருசம் ஒரு பச்சைக் கார் வந்தது. இரண்டே சீட்டு, கூரை கிடையாது. இங்கிலாந்தில் கையால் செய்தது, உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம் என்று எங்கள் மேலாளர் பழனியப்பன் சொன்னார். ஜப்பான்காரர் ஒருவர் அதற்காகவே விமானத்தில் வந்திருந்தார். அவர் எடுத்துவிட்டால் அன்றைக்கே கிள்ளான் துறைமுகம், அப்புறம் கப்பல்.

ஏலத்தன்று காலையில், கார்களைப் பார்க்க ஆட்களை உள்ளே விட்ட நேரத்தில், ஓர் அம்மா வந்தார். வெள்ளைச் சேலை, ரப்பர் செருப்பு, தோளில் மடித்த துண்டு. பெயர் தங்கமணி, கேரி தீவிலிருந்து பஸ் மாறி வருகிறேன் என்றார். நேராகப் பச்சைக் காரிடம் போனார். மற்றவர்கள் குனிந்து சக்கரத்தையும் முன்பக்கத்தையும் பார்த்தார்கள். இவர் இடதுபக்கச் சீட்டை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, எங்க வீட்டுக்காரர் இதுலதான் இருக்காரு."

அங்கே தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரையின் இந்தக் காரைத் துடைக்கிற வேலை அவர் கணவருக்கு. ஒரு மழை நாளில் துரை அவரையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு வேகமாக ஓட்டிப் போய்ப் பெரிய கால்வாயில் விட்டுவிட்டார். கார் கவிழ்ந்து விடியும்வரை தண்ணீரிலேயே கிடந்தது. இரண்டு பேரும் செத்துப்போனார்கள். காரைத் தோட்டக் கம்பெனிக்காரர்கள் எடுத்துப் போனார்கள். அப்புறம் யார் வாங்கியது, யார் சரி செய்தது என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. பத்திரிகையில் படம் வந்ததும் நம்பரை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். வீட்டுக்காரர் தினமும் துடைத்த நம்பர்.

"கருமாதி பண்ணேன். கால்வாய் ஓரமா நின்னு என்னங்க என்னங்கன்னு கூப்பிட்டுப் பாத்தேன். வரல. கனவுல வருவாரு, வாசல்லேயே நிப்பாரு, சொட்டச் சொட்ட. உள்ள வாங்கன்னா, வண்டி ஈரமா இருக்கு, துடைச்சுட்டு வரேன்னு போயிடுவாரு. முப்பது வருசமா துடைக்கிறாரு தம்பி. கடல் தாண்டிப் போயிட்டா நான் எங்க தேடுவேன்?"



அவர் முந்தானையிலிருந்து எலுமிச்சம்பழத்தையும் கற்பூரத்தையும் எடுத்தார். பழனியப்பன் ஓடி வந்தார். "அம்மா, இங்க பெட்ரோல் இருக்கு! கொளுத்தினா நாங்களும் உங்க வீட்டுக்காரர்கூடப் போய்ச் சேர வேண்டியதுதான்."

அவர் போனதும் அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "பேரைச் சொல்லி மூணு தரம் கூப்பிட்டா எறங்கி வருவாரு. ஏலம் முடியறதுக்குள்ள கூப்பிடணும். நீங்க கூப்பிடுறீங்களா தம்பி?"

"நீங்களே கூப்பிடலாமே அக்கா?"

"என் வாயால அவரு பேரைச் சொன்னதே இல்ல. பேர் சொல்லிக் கூப்பிட அவரு அம்மா இல்ல, கூடப் பொறந்த தம்பியும் போயிட்டாரு. பிள்ளையும் இல்ல."

"என்ன பேரு?"

தயங்கினார். "எல்லாத்தையும் விட்டுட்டுக் காவி கட்டிட்டுப் போவாங்களே..."

"சன்னாசியா?"

தலையசைத்தார். அந்தப் பெயரைக் கேட்டதும் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார்.

மேடைக்குத் தள்ளும்போது நான் வலதுபக்கம் உட்கார்ந்து மெதுவாகக் கூப்பிட்டேன். "சன்னாசி அண்ணே, சன்னாசி அண்ணே, சன்னாசி அண்ணே. தங்கமணி அக்கா வந்திருக்காங்க, எறங்குங்க." பக்கத்துச் சீட்டின் தோல் கிறீச்சிட்டது, ஒருவர் இடுப்பைத் திருப்பினால் கேட்கிற சத்தம். பிறகு மறுபடியும் கிறீச்சிட்டு அடங்கிவிட்டது. யார் என்று பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்ட மாதிரி இருந்தது. அவருக்கு என் குரல் யாருடைய குரல்?

ஏலம் மளமளவென்று ஏறியது. கடைசியில் ஜப்பான்காரர் மட்டும் நின்றார். ஏலக்காரர் சுத்தியலைத் தூக்கி ஒரு தரம் சொன்னார். நான் மேடை ஓரத்திலிருந்து அந்த அம்மாவைப் பார்த்து, வரவில்லை என்று தலையை ஆட்டினேன். அவர் நாற்காலிகளுக்கு நடுவே முன்னால் நடந்து வந்தார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

ஏலக்காரர் இரண்டாம் தரம் சொன்னார்.

அவர் துண்டை இரண்டு கையாலும் விரித்துத் தூக்கிப் பிடித்தார். "சன்னாசி!"

ஏலம் கேட்கிறார் என்று நினைத்து ஏலக்காரர் அவரை நோக்கிக் கை நீட்டினார். கூட்டம் சிரித்தது. ஜப்பான்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு அவசரமாக இன்னும் ஏற்றிக் கேட்டார்.

"சன்னாசி! வண்டி காஞ்சிருச்சு, வாங்க!"

பின்னாலிருந்து பழனியப்பன் ஓடி வந்தார். ஏலக்காரர் மறுபடியும் ஒரு தரம், இரண்டு தரம் சொல்லிக் கடைசித் தரத்துக்கு வந்தார். அந்த அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற குரல்.

"சன்னாசி. போதும்ங்க."

சுத்தியல் விழுந்தது.

அவர் நுனிக்காலில் எக்கி, தன்னைவிட உயரமான ஒருவரின் தலையைத் துவட்டுகிற மாதிரி, காற்றில் துண்டை மெல்ல ஓட்டினார். பிறகு திரும்பி, பின்னால் பார்க்காமல் நடந்தார். திட்ட வந்த பழனியப்பன் வழி விட்டார். ஒரு ஆள் போகத் தேவையான இடத்தைவிட அதிகமாகவே ஒதுங்கி நின்றார். ஏன் என்று பிறகு கேட்டபோது அவருக்கே தெரியவில்லை.

வாசலில் அந்த அம்மாவின் குரல் கேட்டது. "படி இருக்கு, பாத்து வாங்க."

மத்தியானம் லோரி வந்தது. பச்சைக் காரைத் தள்ளி ஏற்ற வேண்டும். "ஏறுங்கண்ணே" என்றான் வாசு. நான் வலதுபக்கக் கதவைத் திறந்தேன். இடதுபக்கச் சீட்டு இப்போது வெறும் சீட்டு, பார்த்தாலே தெரிந்தது. ஒரு காலைத் தூக்கி உள்ளே வைக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீரில் போனது இரண்டு பேர். துரையை யாரும் வந்து கூப்பிடவில்லை.

கதவைச் சாத்தினேன். வெளியே நின்றபடி கையை மட்டும் நீட்டி, ஓட்டுகிறவர் சீட்டின்மேல் படாமல் ஸ்டீரிங்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"யோவ் நாகையா, உள்ள உக்காந்து பிடிய்யா!" என்று பழனியப்பன் கத்தினார்.

"முடியாது பாஸ்" என்றேன். "ஆளு இருக்கு."