வெளியாளுக்கு ஓர் அழைப்பு

அழைப்பு மின்னஞ்சலில் வந்தது. நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை, மெல்பர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயத்தன்று மதிய விருந்து. "நம் குடும்பம் மொத்தமும் வரவேண்டும்" என்று டாரல் எழுதியிருந்தான். கீழே ஊழியர்களின் பட்டியல். அதில் ஏழாவது பெயர் நெரிடா கோல்வில், தலைமை வேதியியலாளர்.

நெரிடா அந்த வரியை இரண்டு முறை படித்தாள். அவள் டாரலின் ஊழியர் அல்ல. அப்படி ஆக்கியவனே டாரல்தான்.

ஆஸ்திரேலியாவின் மக்கே ஊரில் கரும்புத் தோட்டங்களுக்கு மண்ணும் நீரும் சோதித்துக் கொடுக்கும் ஆய்வகம் அவனுடையது. நெரிடா அங்கே பதினோரு வருடம் வேலை பார்த்தவள். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, அவளையும் இன்னும் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு, ஜூலையிலிருந்து நீங்கள் தனி ஒப்பந்தக்காரர்கள், ஆளுக்கொரு தொழில் எண் வாங்கிக்கொள்ளுங்கள் என்றான். அதே மேசை, அதே வேலை நேரம். விடுப்பு கிடையாது, ஓய்வூதியச் சேமிப்பு கிடையாது. மற்ற இருவரும் வேறு ஊருக்குப் போனார்கள். வீட்டுக் கடன் இருந்ததால் நெரிடா கையெழுத்துப் போட்டாள்.

அந்த வருடக் கோப்பை விருந்துக்கு எப்போதும்போல இறகு வைத்த தொப்பியும் கையில் கிரீம் போட்ட ஒரு தட்டு பாவ்லோவா கேக்குமாகப் போனாள். டாரல் வாசலிலேயே மறித்தான்.

"இது ஊழியருக்கு மட்டும் கண்ணு. காண்டிராக்ட் ஆளு எங்க மேசையில உக்காந்து சாப்பிட்டா, வரித்துறைக்காரன் அவளும் ஊழியர்தான்னு சொல்லிடுவான். வெளியாள் வெளியாளாத்தான் இருக்கணும்."

உள்ளே யாரோ சிரித்தார்கள். வெயிலில் பாவ்லோவாவின் கிரீம் உருகி அவள் மணிக்கட்டில் வழிந்தது. மறுநாள் அவன் அதையே கடிதமாகவும் அனுப்பினான். ஒப்பந்தக்காரர் நிறுவனச் சட்டை அணியக்கூடாது, ஊழியர் விருந்துகளுக்கு வரக்கூடாது, ஊழியர் பட்டியலில் பெயர் இடம்பெறாது. அடியில் அவன் கையெழுத்து.

நெரிடா கறுவிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அவன் சொன்ன வெளியாளாகவே ஆகிக் காட்டினாள். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டாள். பழைய கருவி ஒன்றை வாங்கிப் பழுது பார்த்தாள். இறால் பண்ணைகள், ஒரு நகராட்சி, இரண்டு பழத்தோட்டங்கள் எனத் தனக்கென்று வாடிக்கையாளர்களைச் சேர்த்தாள். டாரலின் மாதிரிகளும் இப்போது அவள் கொட்டகைக்குத்தான் வந்தன. அவனுக்கு அவள் தேவைப்பட்டாள். அவளுக்கு அவன் ஆறில் ஒருவன்.

செப்டம்பரில் வரித்துறையிலிருந்து கடிதம் வந்தது. கடந்த இரண்டு வருடங்களாக அவள் நடத்துவது உண்மையிலேயே சொந்தத் தொழில்தானா, அல்லது டாரலின் ஊழியரா என்று ஆராய்கிறார்கள். நவம்பர் முடிவதற்குள் ஆதாரம் கொடுக்க வேண்டும். ஊழியர்தான் என்று முடிவானால் கொட்டகை, கருவி, வேன் என்று அவள் கழித்த செலவு எதுவும் செல்லாது. பாக்கி வரி கட்டக் கொட்டகையையே விற்க வேண்டியிருக்கும்.

அவளுடைய வரிக் கணக்காளர் வாஸ்கோ நிதானமானவர். ஒருவேளைச் சாப்பாடு யாரையும் ஊழியர் ஆக்கிவிடாது என்றார். எந்த மேசையில், யார் பெயரில், யார் சட்டையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்பதைத்தான் பார்ப்பார்கள். போகாமலிருப்பது நல்லது. போவதானால் வெளியாளாகப் போ, அதை எழுத்தில் வை.

அவள் மறுப்புக் கடிதம் எழுதி வைத்திருந்தாள். அனுப்புவதற்குள் ஆய்வகத்தின் வரவேற்பறையிலிருந்து ஷோனா போன் செய்தாள். பிரிஸ்பேன் நிறுவனம் ஒன்று ஆய்வகத்தை விலைக்குக் கேட்கிறதாம். வேதியியலாளர் ஒருவர் உள்ளேயே நிரந்தர ஊழியராக இருந்தால்தான் வாங்குவார்களாம். அந்த நிறுவனத்தின் பெண்மணி விருந்துக்கு வருகிறாள்.

"உன் பேரத்தான் காட்டப் போறாரு. உங்கிட்ட கேட்டாரா?"

"கேக்கல," என்றாள் நெரிடா.

மறுப்பை அழித்தாள். புதிதாக நான்கு வரி எழுதினாள். முதல் வரி: அழைப்புக்கு நன்றி, வருகிறேன். அடுத்த மூன்று வரிகள்: என் நிறுவனத்தின் சார்பில் விருந்தாளியாக ஒரு மணி நேரம் வருவேன், என் சாப்பாட்டுக்கு நானே பணம் தருவேன், உங்கள் ஊழியர் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கிவிடுங்கள்.

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. "சூப்பர், நெரிடா. அப்படியே செஞ்சிடலாம்."

அவன் முதல் வரிக்குமேல் படித்திருக்கமாட்டான். சோதனை அறிக்கைகளில் கடைசி வரியையும் கடிதங்களில் முதல் வரியையும் மட்டும் படிப்பவன் அவன். பதினோரு வருடம் பார்த்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்குத் தன் நிறுவனப் பெயர் போட்ட சட்டையில் போனாள். ஷோனாவிடம் சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்து ரசீது வாங்கினாள். ஊழியர் மேசையில் அவள் பெயரெழுதிய அட்டை நின்றது. அங்கே உட்காராமல் உரம் விற்பவரும் கூரியர்காரரும் இருந்த ஓர மேசைக்குப் போய் இறால் உரித்தாள். ஊழியர்களுக்கான பந்தயக் குலுக்கலில் டாரல் அவளுக்கும் ஒரு குதிரைச் சீட்டு எடுத்து வைத்திருந்தான். அது ஊழியர் சீட்டு என்று திருப்பிக் கொடுத்தாள். குழுப் படத்துக்குக் கூப்பிட்டபோது கை கழுவப் போனாள்.

இரண்டு மணிக்குப் பந்தயம். ஐந்து நிமிடம் இருக்கையில் டாரல் அந்த பிரிஸ்பேன் பெண்மணியை அழைத்துக்கொண்டு வந்தான். ஹாலரன் என்று பெயர். ஒட்ட வெட்டிய நரைமுடி, கையில் தண்ணீர் மட்டும்.

"இதுதான் எங்க நெரிடா. பதினாலு வருஷமா எங்க குடும்பத்துல ஒருத்தி."

"பதினோரு வருஷம்," என்றாள் நெரிடா. "அதுக்கப்புறம் டாரலே என்னக் குடும்பத்துலேருந்து எடுத்துட்டாரு."

டாரல் சிரித்தான். "இவ இப்படித்தான். எல்லாத்தயும் சோதனக் குழாயில போட்டுப் பாப்பா."

ஹாலரன் சிரிக்கவில்லை. "அப்போ நீங்க இங்க வேலை செய்யலையா?"

"இல்லைங்க. எனக்கு ஆறு வாடிக்கையாளருங்க. இவர் ஒருத்தர். இன்னிக்கு விருந்தாளியா வந்திருக்கேன்."

டாரல் அவசரமாகக் குறுக்கிட்டான். "அதெல்லாம் பேப்பர்ல மட்டும்தான். வரி விஷயம், உங்களுக்குத் தெரியாததா. மத்தபடி நம்ம ஆளுதான்."

சொல்லி முடிக்கும்போதே அவன் காதுகள் சிவந்தன. நெரிடா காத்திருந்தது இதற்குத்தான். அவனுக்கு இரண்டே பதில்கள் இருந்தன. அவள் வெளியாள் என்றால் ஆய்வகத்தில் வேதியியலாளர் இல்லை. உள்ளாள் என்றால் மூன்று வருடம் அவளுக்குத் தராமல் வைத்ததெல்லாம் வாங்குபவர் தலையில் விடியும்.

"அப்படி இல்லைங்க," என்றாள் நெரிடா. குரல் மெதுவாகத்தான் இருந்தது. "நான் வெளியாள்தான். அவரே கையெழுத்துப் போட்ட கடிதம் இருக்கு."

போனில் திறந்து கொடுத்தாள். தொலைக்காட்சியில் குதிரைகள் புறப்பட்டன. அறையே எழுந்து நின்று திரையைப் பார்த்தது. அந்த மூன்று நிமிடமும் ஹாலரன் மட்டும் குனிந்து படித்துக்கொண்டிருந்தாள். படிப்பவளை டாரல் பார்த்தான். டாரலை நெரிடா பார்த்தாள். பாகு நாக்கில் கரைவதுபோல அந்தக் காட்சி அவளுக்குள் இறங்கியது. வெட்கமாகக்கூட இல்லை.

எந்தக் குதிரை ஜெயித்தது என்று அவள் கவனிக்கவில்லை. ஒரு மணி நேரம் முடிந்ததும் கிளம்பினாள்.

வேன் கதவைத் திறக்கையில் டாரல் ஓடிவந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிவரை ஹாலரன் கெடு கொடுத்திருக்கிறாள் என்றான். அதற்குள் ஒரு வேதியியலாளர் உள்ளே வந்தாக வேண்டும். இல்லையென்றால் டவுன்ஸ்வில்லில் வேறு ஆய்வகம் பார்த்து வைத்திருக்கிறார்களாம்.

"திரும்பி வந்துடு கண்ணு. நிரந்தரமா. பழைய பதினோரு வருஷத்தயும் சேத்துக்கறேன். விடுப்பு, சேமிப்பு, எல்லாம்."

மூன்று வருடங்களுக்கு முன் இதைக் கேட்டிருந்தால் அவள் அழுதிருப்பாள்.

"எழுதிக் குடுங்க," என்றாள்.

"எழுதினா வருவியா?"

"படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."

நான்கு மணிக்குள் கடிதம் வந்துவிட்டது. வழக்கறிஞரை வைத்து எழுதியிருக்க வேண்டும், தெளிவாக இருந்தது. மூன்று ஆண்டுகளாக வெளி ஒப்பந்தக்காரராகச் சொந்தத் தொழில் நடத்திவரும் தங்களை எங்கள் ஊழியராகச் சேர அழைக்கிறோம்.

நெரிடா வாஸ்கோவுக்குப் படித்துக் காட்டினாள்.

"ஏற்கெனவே ஊழியரா இருக்கறவள யாரும்மா வேலைக்குக் கூப்பிடுவான்?" என்றார். "இதவிட நல்ல ஆதாரத்த நாமளே எழுதியிருக்க முடியாது."

அன்றே அதை வரித்துறைக்கு அனுப்பினாள். டாரலுக்குப் பதில் எழுதவில்லை.

புதன்கிழமை அவன் போன் செய்தான். வியாழக்கிழமை ஷோனா செய்தாள். டாரல் சொல்லிச் செய்யவில்லை, தானாகத்தான். வாங்க ஆளில்லையென்றால் அவர் கடையை மூடிவிடுவார், நாங்கள் எங்கே போவது என்று கேட்டாள். நெரிடாவுக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ஆனாலும் மனம் மாறவில்லை.

வெள்ளிக்கிழமை இறால் பண்ணையில் முழங்கால் தண்ணீரில் நின்று மாதிரி எடுத்துக்கொண்டிருந்தாள். போன் கரையில் நான்கு முறை அடித்தது. குப்பிகளை மூடி, பெயரும் நேரமும் எழுதி, பெட்டியில் அடுக்கினாள். கைகளைத் துடைத்தாள். ஐந்து மணி தாண்டி ஐந்து நிமிடம் ஆனதும் ஒரே வரி எழுதினாள். முதல் வரியில் இருந்தால்தான் அவன் படிப்பான்.

அழைப்புக்கு நன்றி, வர இயலாது.