கொழுந்தனார் கட்டிய பூட் மேனேஜர்

அண்ணியின் தையற்கடையில் பள்ளிச் சீருடைகளுக்கான சின்னங்கள் எல்லாம் கணினியில்தான் இருந்தன. கொழுந்தனாருக்குக் கை சும்மா இருக்காது. நேற்று அதில் இரண்டாவதாக ஓர் இயங்குதளத்தை ஏற்றினார். அதோடு கணினி படுத்துவிட்டது. இன்று நான்கு மணிக்குப் பள்ளியிலிருந்து மாதிரி பார்க்க வருகிறார்கள். சின்னத்தைக் காட்டாவிட்டால் இந்த வருட ஆர்டர் எதிர்க்கடைக்குப் போய்விடும்.

"பூட் மேனேஜர் போயிடுச்சு அண்ணி. கம்ப்யூட்டரை எழுப்பி விடறதே அதுதான். பென் டிரைவ்ல ஆன் பண்ணி, அதை எழுதி வெச்ச சோர்ஸ் கோடுல இருந்து நானே புதுசா கட்டிடறேன்" என்றார் கொழுந்தனார். கையோடு, தோளில் தையல் விட்ட தன் சட்டையையும் நீட்டினார். சாயங்காலம் ஆபீஸில் கூட்டமாம்.

கட்ட உட்கார்ந்தால், அந்தக் கோடை ஓடும் நிரலாக மாற்றும் கம்பைலர் இல்லை. அதை இறக்கினார். அது ஒரு லைப்ரரி, அதாவது துணை நிரல் தொகுப்பு, வேண்டும் என்றது. அதுவும் வந்தது, அதற்கு இன்னொன்று வேண்டுமாம்.

"வீடு கட்ட வந்த மேஸ்திரி ஒவ்வொண்ணா வீட்டுக்காரங்ககிட்டயே கேக்கற மாதிரி இருக்கு" என்றாள் அண்ணி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

ஒருவழியாகக் கட்டி முடித்தார். சோதித்துப் பார்க்கும் அவசரத்தில் கணினியை அணைத்துப் போட்டார். திரை கறுப்பாகவே நின்றது. கொழுந்தனார் முகத்தில் ஈயாடவில்லை. பென் டிரைவில் ஓடும்போது இறக்கியது, கட்டியது எல்லாம் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். வன்வட்டில் சேமிக்காமல் அணைத்ததில் அத்தனையும் போயே போய்விட்டது.

அண்ணிக்குக் கோபம் வந்தது.

"ஏன் தம்பி, இது ரெடிமேடா கிடைக்காதா?"

கொழுந்தனார் தலையைச் சொறிந்தார். "கிடைக்கும் அண்ணி."

"எவ்வளவு நேரமாகும்?"

"ரெண்டு நிமிஷம். ஆனா நாமே கட்டினா ஒரு திருப்தி..."

"திருப்தியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். ரெடிமேடையே போடுங்க."

போட்டார். கணினி சமர்த்தாக எழுந்தது. சின்னங்கள் ஒன்றுகூடக் குறையவில்லை. பள்ளிக்காரர் வந்தார், பார்த்தார், ஆர்டரை உறுதி செய்துவிட்டுப் போனார். அண்ணிக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது.

"அண்ணி, என் சட்டை?" என்றார் கொழுந்தனார் மெதுவாக.

சட்டை மேசைமேல் வைத்த இடத்திலேயே கிடந்தது.

"பஞ்சு வாங்க ஆள் அனுப்பியிருக்கேன் தம்பி. வந்ததும் நூல் நூத்துட்டு, அப்புறம் தைக்கறேன். உக்காருங்க."