எனக்கு விழாத திட்டு

குருமூர்த்தி சார் வாயைத் திறந்தால் சிமெண்ட் தூசியே ஒதுங்கிப் போகும். ரெட்டிபாளையத்துப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில், மூட்டை பிடிக்கும் பிரிவுக்கு அவர்தான் போர்மேன். எருமை, கம்மனாட்டி, மாடு மேய்க்கப் போடா என்று ஆளுக்கு ஒன்று விழும். மிஷினில் நிற்கும் ராஜராஜனுக்கு மட்டும் இரண்டு பங்கு. திட்டி முடித்ததும் அவன் தோளைப் பிடித்து இழுத்துப்போய், மிஷினைத் திறந்து தப்பு எங்கே என்று காட்டுவார். இங்கே எல்லோரும் வேலை படித்தது இப்படித்தான்.

எனக்கு ஒரு திட்டும் விழுந்ததில்லை. அங்கே நான் ஒருத்திதான் பெண். டிப்ளமோ முடித்தவள், ராஜராஜனுக்கு ஒரு வருஷம் முன்னால் சேர்ந்தவள். என்னைக் கண்டால் அவர் குரல் குழைந்துவிடும். எடையைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கம்மா என்பார். மரியாதையாம், மண்ணாங்கட்டி. அவன் திட்டு வாங்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அடுத்த மாதம் ஷிப்டுக்கு ஒரு பொறுப்பாளர் போடப் போகிறார்கள். மிஷின் தெரிந்தவருக்குத்தான் அது கிடைக்கும்.

அன்றைக்கு மூட்டைகள் எடை குறைந்து வந்தன. ஐம்பது கிலோவுக்கு நாற்பத்தெட்டு. மூட்டைகள் ஓடிவரும் பெல்ட்டை நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேண்டுமென்றேதான். இருபது மூட்டை லாரியில் ஏறட்டும், இன்றைக்காவது மனுஷன் என்னைத் திட்டட்டும் என்று இருந்தேன்.

வந்தார். எடையைப் பார்த்தார். நேராக ராஜராஜனிடம் போனார்.

"ஏன்டா எருமை, அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும்? நீ என்னடா புடுங்கிக்கிட்டு இருந்த?"

அவனை இழுத்துப்போய், அடைத்திருந்த குழாயைக் கழற்றிக் காட்டினார். தப்பு என்னுடையது, பாடம் அவனுக்கு. எனக்குப் பொறுக்கவில்லை. நடுவில் போய் நின்றேன்.

"சார், தப்பு பண்ணது நானு. என்னையத் திட்டுங்க."

அவர் குரல் மறுபடியும் குழைந்தது.

"பரவால்லம்மா. போயி உக்காருங்க."

பொறுப்பு ராஜராஜனுக்குப் போயிற்று. முதல் நாள் காலையிலேயே ஆட்களைக் கம்மனாட்டி என்று விரட்டிக்கொண்டே வந்தான். என் பக்கத்தில் வந்ததும் குரலை இறக்கினான்.

"நீங்க உக்காருங்கக்கா."

நாற்காலியை எட்டி உதைத்தேன். அது உருண்டு அவன் காலில் இடித்தது. அப்போதும் அவன் திட்டவில்லை. நிமிர்த்தி வைத்து, தூசி தட்டிவிட்டுப் போனான்.